குத்துவிளக்கு ஏன் சாய்ந்து நிற்கிறது?

போன வாரம் ஒரு அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் பென்டிரைவ். மகள் கல்யாணப் படங்கள். எடுத்தது நான் இல்லை. "தம்பி, இதை நேராக்கித் தர முடியுமா?" என்றார். தாலி கட்டும் படம். சுமார் 20 டிகிரி சாய்த்து எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெண் மேல் விழப் போகிறவர் மாதிரி இருக்கிறார். குத்துவிளக்கைப் பார்த்தால் எண்ணெய் கொட்டிவிடுமோ என்று கை தன்னால் நீள்கிறது. ஒரு படம் இப்படி என்றால் பரவாயில்லை. முகூர்த்த நேரத்தில் எடுத்ததில் நேராக நிற்பது ஒன்றுகூட இல்லை. இந்த மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது பென்டிரைவ் இது.

எடுத்த பையன் எனக்குத் தெரிந்தவன்தான். போன் போட்டுக் கேட்டேன். "அது டில்ட்-ஷிஃப்ட் ஸ்டைல் சார்" என்றான்.

இல்லை தம்பி. கேமரா சாய்வது வேறு, லென்ஸ் சாய்வது வேறு. கேமராவைக் கோணலாகப் பிடித்தால் அது டச் ஆங்கிள். டில்ட்-ஷிஃப்ட் என்பதில் கேமரா பெரும்பாலும் ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கும். லென்ஸ் மட்டும் அசையும். மேலே கீழே நகர்ந்தால் ஷிஃப்ட், தலையைச் சாய்த்தால் டில்ட். கேனனின் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸான 24 மி.மீ. டிஎஸ்-இயின் இரண்டாம் பதிப்பு 12 மி.மீ. நகரும், 8.5 டிகிரி சாயும். வாடகைக்கு எடுத்து வந்ததும் நம் பசங்க முதலில் செய்வது அந்த 8.5 டிகிரிக்கும் முழுசாகத் திருகுவதுதான். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், காலடிப் புல் முதல் தூரத்து வரப்பு வரை வயல் முழுக்கத் தெளிவாக விழ அந்த லென்ஸுக்கு ஒரு டிகிரிகூட வேண்டாம்! லென்ஸைச் சாய்த்தால் தெளிவாக விழும் தளமும் கூடவே சாயும். இந்தக் கணக்குக்கு அடிப்படை ஷைம்ப்ஃப்ளூக் விதி. தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி; 1904இல் காப்புரிமை வாங்கியவர். அவர் தலையை உடைத்துக்கொண்டது வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலை நிமிர்த்துவதற்காக. நிமிர்த்தப் பிறந்த வித்தையின் பெயரைச் சொல்லி நாம் சாய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது செல்போன் செயலி. உயரத்திலிருந்து ஊரை எடுக்கும்போது லென்ஸை நிறையச் சாய்த்தால் ஒரு பட்டை மட்டும் தெளிவாகி மற்றது மங்கும், ஊர் பொம்மை ஊர் மாதிரித் தெரியும். அதைச் செயலி போலியாகச் செய்து தருகிறது. மேலே ஒரு பட்டை மங்கல், கீழே ஒரு பட்டை மங்கல், ஊர் பொம்மை ஊராகிவிட்டது என்று அனுப்புகிறார்கள். ஆகவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டுமானால் நவராத்திரியில் கொலுப்படி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செட்டியார் பொம்மையைக் கிட்டப் போய் எடுங்கள். செட்டியார் கால் முதல் தலைப்பாகை வரை தெளிவாக இருப்பார். அவருக்கு முன்னால் இருக்கும் கத்தரிக்காயும் பின்னால் இருக்கும் படியும் மங்கும். அதாவது மங்கலைத் தீர்மானிப்பது தூரம். படத்தில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது இல்லை. செயலிக்கு இது தெரியாது. திருச்சி மலைக்கோட்டை மேலிருந்து நீங்கள் எடுத்த கடைவீதிப் படத்தில் செல்போன் கோபுரத்தின் கால் தெளிவாகவும் தலை பனிமூட்டத்திலும் இருப்பது அதனால்தான். கண் உடனே கண்டுபிடித்துவிடும். உண்மையான லென்ஸைச் சாய்த்தாலும் உயரமான பொருளில் இந்தத் தொல்லை கொஞ்சம் உண்டு. அதனால் நெட்டையாக எதுவும் நீட்டிக்கொண்டிராத இடமாகப் பாருங்கள். அதே மலையிலிருந்து தெப்பக்குளம் அழகாக விழும். வெயில் நன்றாக இருக்க வேண்டும். சாய்வாகக் கீழே பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

ஷிஃப்ட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கோயில் படம் எடுப்பவர்களுக்காக. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. அதன் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் மல்லாக்க விழுவது போல வரும். சரி, மென்பொருளில் நிமிர்த்தலாம் என்று உட்கார்ந்தால் இன்னொரு பொறி. கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகுவது. அதன் ஓரத்தைச் செங்குத்தாக்கினால் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி ஆகிவிடும் (அப்படி ஒரு காலண்டர் அச்சாகியே வந்துவிட்டது, என்ன செய்ய). கீழே உள்ள கல் கட்டுமானத்தைப் பாருங்கள், வாசல் நிலைக்கால்களைப் பாருங்கள். அவை நேரானால் போதும், மேலே உள்ளதைத் தொடாதீர்கள். லட்ச ரூபாய் லென்ஸும் வேண்டாம். பின்னால் தள்ளி நின்று, போனின் அகலக் கோணத்தில் போனைக் கொஞ்சமும் அண்ணாக்காமல் எடுத்து, கீழ்ப்பாதித் தெருவை வெட்டிவிடுங்கள். ஷிஃப்ட் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன். "நேராக்குவது ஒரு கிளிக்தானே" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 3:2 படத்தை 20 டிகிரி திருப்பி, நான்கு மூலையிலும் வெள்ளை தெரியாமல் அதே நீள அகல விகிதத்தில் வெட்டினால் மிஞ்சுவது 47 சதவீதம். 24 மெகாபிக்சலில் பாதிக்கு மேல் குப்பைக்கு. 2 டிகிரிக்கே பத்தில் ஒரு பங்கு போகும். போவது வெறும் சுவர் என்றால் கவலையில்லை. கல்யாணப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் யார்? அட்சதையோடு நிற்கும் தாத்தா, பாட்டி, தாய்மாமன். வெட்டாமல் மூலையை மென்பொருளே நிரப்பட்டும் என்கிறீர்களா? பாதி வெட்டுப்பட்டு நிற்கும் அத்தைக்கு அது ஒரு முகம் வைத்துத் தரும். அத்தை முகமாக இருக்காது.

சாய்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ரஷ்யாவின் அலெக்சாந்தர் ரோட்சென்கோ 1920களிலேயே சாய்த்துச் சாய்த்து எடுத்தவர்தான். படிக்கட்டு, நிழல், பால்கனி என்று கோடுகள் அதிகமாக இருக்கும் இடத்தில். சினிமாவில் ஒருவன் புத்தி பேதலிக்கும்போது கேமரா சாயும். பார்ப்பவருக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்ற வைக்கும் கோணம் அது. அதைத் தாலி கட்டும்போது யாராவது வைப்பார்களா? ரிசப்ஷன் டான்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். தாலி, தாரை வார்த்தல், காலில் விழுந்து ஆசி வாங்குவது: முதலில் நேராக ஒன்று. அப்புறம் இஷ்டப்படி சாயுங்கள். கேமராவிலும் போனிலும் கட்டக் கோடு இருக்கிறது, தயவுசெய்து அதைப் போட்டு வையுங்கள். சாய்த்தால் 15, 20 என்று துணிந்து சாயுங்கள். 3 டிகிரி சாய்வுக்குக் கலை என்று பெயரில்லை, கைநடுக்கம்.

பொம்மை ஊர் எடுக்கிறேன் என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காராதீர்கள். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டுங்கள். கீழே தெருவில் ஆட்கள் போகிறார்கள். ட்ரோன் என்றால் 2021 விதிகள்படி அந்த இடம் அனுமதி வேண்டிய சிவப்பு, மஞ்சள் மண்டலமா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான்.

அந்த அம்மாவுக்கு இரண்டையும் திரையில் காட்டினேன். நிமிர்த்திய படத்தில் அவருடைய மாமியார் இல்லை. சாய்ந்த படத்தில் அட்சதை பிடித்த கையோடு முழுசாக இருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படியே பிரிண்ட் போட்டுரு தம்பி. நான் வேணா ஃப்ரேமைச் சாய்ச்சு மாட்டிக்கிறேன்."