பி.எஸ்சி. நர்சிங்கும் மாதம் ஆயிரம் ரூபாயும்: நெல்லை, தென்காசிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. நான்கு வருடத்துக்குக் கூட்டினால் 48,000 ரூபாய். குடும்ப வருமானம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது, சாதி பார்ப்பதில்லை, மார்க்கும் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் அக்கா தங்கை மூன்று பேர் படித்தாலும் மூன்று பேருக்கும் உண்டு. பிறகு ஏன் பணம் வராமல் நிற்கிறது என்றால், காரணம் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில், எந்த வழியில் படித்தார்கள் என்ற கணக்கு, அடுத்து, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு ஒட்டியிருக்கிறது என்பது.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்த திருமண உதவியைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். 'தாலிக்குத் தங்கம் உண்டா' என்று இன்னும் கேட்கும் அம்மாக்களுக்குப் பதில் இதுதான்: அந்தப் பணம் இப்போது படிப்புக்குப் போகிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழு, பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. தொழிற்கல்விப் பிரிவில் 'நர்சிங்' பாடம் எடுத்த பிள்ளைகள் இங்கே ஏமாந்துவிடக் கூடாது. பாடத்தின் பெயரில் நர்சிங் இருந்தாலும், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இல்லையென்றால் பட்டப்படிப்பில் இடம் கிடைக்காது. மூன்று வருட டிப்ளமோ பக்கம்தான் போக வேண்டும். உதவித்தொகை டிப்ளமோவுக்கும் உண்டு.

இனி பள்ளிக்கூடக் கணக்கு. நம் பக்கத்தில் இடறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விதி இது: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பஞ்சாயத்து யூனியன், மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகளே. அரசுப் பள்ளி என்றால் தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற கேள்வியே இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் மட்டும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். முதலில் புதுமைப்பெண்ணில் உதவி பெறும் பள்ளி சேரவில்லை. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான் அது விரிவானது. 'எங்க அக்காவுக்கு இல்லைன்னு சொன்னாங்களே' என்று பழைய பதிலை நம்பி இன்றைக்கும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் அதை மறந்துவிட்டுக் கல்லூரியில் போய்க் கேட்கலாம்.

இந்த விரிவாக்கம் நெல்லைக்கு ஏன் பெரிய விஷயம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் பெயர்பெற்ற பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள். கிராமங்களில் டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. நெல்லைத் திருமண்டலம்) நடுநிலைப் பள்ளிகள், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கச் சபை) பள்ளிகள், அந்தந்த ஊர் உறவின்முறை நடத்தும் பள்ளிகள். எட்டாவது வரை ஊரிலே ஒரு உதவி பெறும் பள்ளி, பத்து வரை பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி, பிளஸ் டூவுக்கு டவுனில் இன்னொன்று என்று மூன்று பள்ளி மாறிய பிள்ளை இங்கே சாதாரணம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ், உதவி பெறும் பிரிவும், அரசு உதவி இல்லாமல் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே இயங்கும். ஆங்கில வழி வகுப்புகள் பெரும்பாலும் சுயநிதியில் நடப்பவை. சில பள்ளிகளில் பத்தாவது வரை உதவி பெறும் பிரிவு. பிளஸ் ஒன்னில் உயிரியல் குரூப் மட்டும் சுயநிதி. நர்சிங்குக்கு வேண்டியதோ அந்த உயிரியல் குரூப்தான். பத்தாவது வரை ஒழுங்காகத் தமிழ் வழியில் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் அதே பள்ளியின் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால், ஏழு வருடத் தொடர் அங்கே அறுந்துவிடும். யூனிஃபார்ம் ஒன்று, ஹெச்.எம். ஒருவர், டி.சி.யில் பள்ளிப் பெயரும் ஒன்றுதான் என்பதால் வீட்டில் யாருக்கும் இது தெரியவே தெரியாது. பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், பிளஸ் ஒன் சேர்க்கும்போதே பள்ளி அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்த வகுப்பு உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?' கட்டண ரசீதையும் பாருங்கள். உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவில் பெரிய தொகைக்கு ரசீது வராது.

இன்னும் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்குத் தகுதி உண்டு. அப்பா அம்மா வேலைக்காகக் கேரளாவுக்குப் போய், நடுவில் ஒரு வருடம் அங்கே ஏழாவது படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வருடம் தொடரை அறுத்துவிடும்.

எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் என்ற விவரம் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் இருக்கிறது. கல்லூரி உங்கள் எமிஸ் எண்ணை வைத்துத்தான் பார்க்கும். ஆகவே பிளஸ் டூ டி.சி. வாங்குகிற அன்றே எமிஸ் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில் வகுப்பும் பயிற்று மொழியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய பள்ளிகளில் 'இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை, இந்த வகுப்புகள், தமிழ் வழி' என்று ஹெச்.எம். கையெழுத்தோடு படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். லீவு முடிவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. கல்லூரி தொடங்கிய பிறகு வார்டு டியூட்டிக்கு நடுவே கடையநல்லூருக்கும் வள்ளியூருக்கும் பஸ் ஏறி ஹெச்.எம்.மைத் தேடுவது பெரும்பாடு.

விண்ணப்பம் போடுவது மாணவி அல்ல, கல்லூரி வழியாகத்தான் போகும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். யுமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் மாணவியின் பெயர், எமிஸ் எண், ஆதார், படிப்பு, சேர்ந்த வருடம் எல்லாம் அவர் ஏற்ற வேண்டும். வீடு தென்காசி மாவட்டம், கல்லூரி நெல்லை மாவட்டம் என்றால் குழம்ப வேண்டாம். 2019இல் மாவட்டம் பிரிந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கே படிக்கிறீர்களோ அந்தக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். இ-சேவை மையத்தில் காசு கொடுத்துப் போடச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

நர்சிங் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தக் கலந்தாய்வு கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகுதான் நடக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கல்லூரியும் யுமிஸில் பெயரை ஏற்றிவிடும். பிறகு நர்சிங் இடம் கிடைத்து மாறும்போது டி.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யுமிஸில் பெயர் பழைய கல்லூரியிலேயே நிற்கும். புதிய கல்லூரி ஏற்றப் போனால், ஏற்கெனவே வேறிடத்தில் படிப்பதாகக் காட்டும். பழைய கல்லூரி அலுவலகத்தில் டி.சி. வாங்கும்போதே, 'யுமிஸில் விலகியதாகப் பதிந்துவிட்டீர்களா' என்று கேட்டு, முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது வங்கி. பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்ததோ அங்கே போகும். ஒன்பதாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய கணக்கு ஒன்று, போஸ்ட் ஆபீஸில் ஒன்று, கல்லூரிக்காகப் புதிதாக ஒன்று என்று மூன்று இருக்கும். பாஸ்புக் நகல் கொடுத்தது புதிய கணக்குக்கு, பணம் போய் விழுவதோ போஸ்ட் ஆபீஸ் கணக்கில். 'வரவே இல்லை' என்று புகார் கொடுப்பதற்கு முன் போனில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைப் போடுங்கள். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். ஆதார் தளத்திலும் பார்க்கலாம். வேறு வங்கி காட்டினால், வேண்டிய வங்கியில் போய் 'டிபிடி (அரசு நேரடியாகக் கணக்கில் போடும்) பணம் வருவதற்கு ஆதார் இணைக்க வேண்டும்' என்று குறிப்பாகச் சொல்லிப் படிவம் கொடுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்து வைப்பது மட்டும் போதாது.

கணக்கே முடங்கிக் கிடப்பதும் உண்டு. இரண்டு வருடம் வாடிக்கையாளர் எதுவும் போட்டு எடுக்காத கணக்கைச் செயல்படாத கணக்காக வங்கி மாற்றிவிடும். மைனராக இருந்தபோது அம்மாவோடு சேர்த்துத் தொடங்கிய கணக்குக்கு, 18 முடிந்ததும் புதிதாக கே.ஒய்.சி.யும் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் வருடத்துக்கு மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அதே கணக்குக்கு வந்தால் இடிக்கும். கே.ஒய்.சி. முடித்துச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவதே நல்லது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், வேலையைக் கெடுக்கும். இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆதாரில் 'ஐ' எழுத்தில் தொடங்கியிருப்பார்கள், மார்க் ஷீட்டில் 'ஈ' எழுத்தில். பேச்சியம்மாளுக்கு நடுவில் ஒரு 'டி' எழுத்து இருக்கும் அல்லது இருக்காது. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். மார்க் ஷீட்டில் இருக்கிறபடி ஆதாரைத் திருத்துங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது நீண்ட வேலை. மேலும் நர்சிங் கவுன்சில் பதிவு வரைக்கும் மார்க் ஷீட் பெயர்தான் கூடவே வரும்.

படிப்பு எட்டு செமஸ்டர். மூன்றாவது, நான்காவது செமஸ்டரில்தான் வயது வந்தோருக்கான நர்சிங் பாடம் இரண்டு பகுதியாக வருகிறது; மருத்துவ வார்டு, அறுவைச் சிகிச்சை வார்டு என்று டியூட்டி கூடும். எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப். அதுவும் படிப்பின் பகுதியே என்பதால் அதற்கும் உதவித்தொகை உண்டு. தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும்; ஆனால் பட்டம் வாங்குவதற்குள் வார்டு டியூட்டி ஒவ்வொரு பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் டியூட்டி போட்டால், பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். அந்தக் காசும் மிச்சம்.

வேறு உதவித்தொகை வாங்கினால் இது நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம், இரண்டையும் வாங்கலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மட்டும் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. 'இடம் போட்டுத் தருகிறேன், ஸ்காலர்ஷிப் தானா வரும்' என்று புரோக்கர் சொல்லும்போது எந்த ஒதுக்கீடு என்று கேளுங்கள், பதில் குழறும்.

பெங்களூருக்கு ஆள் பிடிக்கிறவர்களும் வருவார்கள். வெளிமாநிலக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் கிடையாது; தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. ஒரு டிரஸ்டின் பெயரில் மாடி ஒன்றில் நடக்கும் ஒரு வருட 'நர்சிங்' கோர்ஸுக்கு உதவித்தொகையும் இல்லை, தமிழ்நாடு நர்சஸ் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவும் இல்லை. பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், முதலில் கல்லூரிப் பொறுப்பாளரிடம் யுமிஸில் விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலகம். அதற்கும் மேல், நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனுவோடு யுமிஸ் எண், எமிஸ் எண், படிப்புச் சான்றுகளின் நகல், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் பக்கம், கடைசி மூன்று மாத பாஸ்புக் நகல் ஆகியவற்றை வையுங்கள். மனு கொடுத்ததும் தருகிற ரசீது எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.