சிங்கி இறாலின் கண்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே ஒரு கூடையில் சிங்கி இறால் கிடந்தால், விலை கேட்கும் முன் அதன் கண்ணைப் பாருங்கள். அந்தக் கண்ணின் பரப்பு நுண்ணிய சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் ஒரு சிறு குழாயின் வாய். குழாய்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளிதான் உள்ளே குவிந்து பிம்பமாகிறது. இதே அமைப்பைக் கொண்ட ஒரு தொலைநோக்கி இப்போது பூமியைச் சுற்றிவருகிறது. அது தேடுவது எக்ஸ் கதிர் மின்னல்களை.

வானத்தின் ஏதோ ஒரு மூலையில், முன்னறிவிப்பே இல்லாமல், எக்ஸ் கதிர்கள் சில நொடிகளோ சில நிமிடங்களோ பளிச்சிட்டு மறைகின்றன. இவற்றுள் பல, பெரும் விண்மீன் ஒன்று தன் எடை தாங்காமல் உள்ளே சரியும்போது பிறப்பவை. சரிவின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரை, சுற்றியிருக்கும் வாயுவில் மோதுகிறது. அந்த அதிர்ச்சி அலையில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று ஒளிர்கின்றன. மின்னல் போன பிறகும் மிஞ்சுகிற இந்த ஒளிதான் பின்னொளி. அலை வேகம் குறையக் குறைய அது எக்ஸ் கதிரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், பிறகு ரேடியோ அலைக்கும் இறங்குகிறது.

எவ்வளவு தொலைவில், எந்த விண்மீன் மண்டலத்தில் அது நடந்தது என்பதைப் பெரும்பாலும் பின்னொளிதான் சொல்லும். ஆனால் அது காத்திருக்காது. பொதுவாக, கழிந்த நேரம் பத்து மடங்கானால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் விழுங்கிவிடுவதால் தண்டையார்பேட்டை மொட்டைமாடியிலிருந்தும் பிடிக்க முடியாது, இமயத்தின் உச்சியிலிருந்தும் முடியாது. விண்வெளிக்குப் போயே ஆகவேண்டும்.

அங்கேயும் ஒரு சிக்கல். அகலமாகப் பார்க்கும் கருவிக்கு இடம் துல்லியமாகத் தெரியாது. கூர்மையாகப் பார்க்கும் கருவிக்கு வானத்தின் ஒரு துளிதான் தெரியும். இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் ஏற்றியதுதான் இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் செய்த பெரிய காரியம். 1997 பிப்ரவரி 28 அன்று ஒரு காமா கதிர் வெடிப்பின், அதாவது எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த கதிர்களோடு வரும் இத்தகைய மின்னலின், இடத்தை அதன் அகலக் கண் குறித்தது. எட்டு மணி நேரத்தில் கூர்க் கண் அங்கே திரும்பியது. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது அதே புள்ளி பெரிதும் மங்கியிருந்தது. மனிதர் கண்ட முதல் பின்னொளி அது. மங்கியதுதான் சாட்சி: நிலையான விண்மீன் அப்படி மங்காது.

எட்டு மணி நேரம் என்பதை நிமிடங்களாகச் சுருக்கியது 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட். 2024 ஜனவரியில் சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப்தான் சிங்கி இறாலின் கண்ணைக் கொண்டது. எக்ஸ் கதிர் நேராக வந்து கண்ணாடியில் மோதினால் திரும்பாது. சுவரை உரசிக்கொண்டு சாய்வாகப் போனால்தான் திரும்பும். அதற்கு நீண்ட குறுகிய குழாய்களே வேண்டும். ஒரு கோள வளைவில் அடுக்கிய அத்தகைய நுண் சதுரத் துளைகளால் அது ஒரே பார்வையில் 3600 சதுர டிகிரி வானத்தைக் காண்கிறது. முழு வானத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூலமும் படத்தில் கூட்டல் குறி போல விழும். குறியின் நடுப்புள்ளிதான் இடம். உடனே செயற்கைக்கோள் தானே திரும்பி, தன் கூர்க் கண்ணால் அந்த இடத்தை உற்றுப் பார்க்கும்.

2024 மார்ச் 15 அன்று அது பிடித்த மின்னலின் பின்னொளியை ஆராய்ந்தபோது, அந்த ஒளி சுமார் 1250 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது என்று தெரிந்தது. அதே நிகழ்வில் காமா கதிர்களும் வந்தன. ஆனால் எக்ஸ் கதிர் அவற்றுக்கு ஆறு நிமிடம் முன்னதாகவே தொடங்கியிருந்தது.