கேட் தொறந்திருந்தா மட்டும் போதுமா? கொரோனா டைம்ல பார்க் போற ரூல்

போன கிழமை மச்சான் ஒருத்தன் பழைய கதைய எடுத்தான், 2021ல இலங்கையில நுவரெலியா பக்கம் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போகக் கெளம்புன எங்கள ஏன்டா பாதியிலேயே திருப்பி அனுப்புனாங்க, நாங்க பக்கத்து ஊர்க்காரங்கதானேன்னு. அவன் வீடு அப்புத்தளையில. அந்த நேரம் நம்மாளுங்க நெறைய பேர் மாட்டுனது இந்த எடத்துலதான். பார்க் தொறந்திருக்கிறது ஒரு விஷயம், நீங்க அங்க போகலாமா இல்லையாங்கிறது இன்னொரு விஷயம், ரெண்டையும் முடிவு பண்றது ஒரே ஆபீஸ் இல்ல.

ஹோர்ட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு கீழ வருது, ஹக்கலையும் பேராதனையும் தாவரவியல் பூங்கா திணைக்களம், நுவரெலியா விக்டோரியா பார்க் மாநகர சபை, நக்கிள்ஸ் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களம். இவங்க சொல்றதெல்லாம் கேட் தொறக்குமா மூடுமான்னு மட்டுந்தான். வீட்ல இருந்து அந்த கேட் வரைக்கும் வர்ற ரோட்டுக்கு வேற சட்டம், தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம்னு வெள்ளக்காரன் 1897ல போட்டது. அந்தச் சட்டத்துக்கு கீழ வர்த்தமானில, அதாவது அரசாங்க கெசட்ல, ஒழுங்குவிதி வரும், அத பார்த்துக்கிறது எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி), பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), பொலிஸ். 2020 அக்டோபர்ல வந்த வர்த்தமானிலதான் பொது இடத்துல மாஸ்க், ஒரு மீட்டர் எடவெளி எல்லாம் கட்டாயம் ஆச்சு, மீறுனா 10,000 ரூபா வரைக்கும் தண்டம் இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். மலை உச்சியில யாரு பார்க்கப் போறான்னு கழட்டுனவங்களுக்கும் இதே ரூல்தான்.

இப்ப மச்சான் கதைக்கு வருவோம். 2021ல மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை போட்டாங்க, ஆகஸ்ட் 20 ராத்திரி போட்ட ஊரடங்க அக்டோபர் 1ல எடுத்த பெறகும் மாகாண எல்லைய அக்டோபர் கடைசி வரைக்கும் தொறக்கல. அப்புத்தளை இருக்கிறது ஊவா மாகாணம், ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது நுவரெலியா மாவட்டம், அதாவது மத்திய மாகாணம். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவுல ரயில் ஒரு சுரங்கத்துக்குள்ள போகும்ல, அந்தப் பக்கம் ஒரு மாகாணம் இந்தப் பக்கம் ஒரு மாகாணம். அதனால நூறு கிலோமீட்டர் தள்ளி கண்டில இருக்கிறவனுக்கு எல்லைப் பிரச்சன இல்ல, காலைல எந்திரிச்சா அந்த மலையையே பார்க்கிற என் மச்சானுக்கு தடை. எனக்கும் அது நியாயமாப் படல, ஆனா வைரஸ தடுக்க கோடு எங்கயாவது கிழிச்சுத்தானே ஆகணும், கிழிச்சது பழைய மாகாணக் கோட்டுலயே.

அதோட அடையாள அட்டை ரூல், அட்டை நம்பரோட கடைசி இலக்கத்த வச்சு எந்த நாள் வெளிய போகலாம்னு. 2020 மே மாசம் கடைசி இலக்கம் 1, 2ன்னா திங்கள், 3, 4ன்னா செவ்வாய், இப்படியே போயி 9, 0ன்னா வெள்ளி. 2021 மே மாசம் அத மாத்தி ஒற்றை நாள்ல ஒற்றை இலக்கக்காரங்க, இரட்டை நாள்ல இரட்டை இலக்கக்காரங்கன்னாங்க. பழைய அட்டையில கடைசியில எழுத்து இருக்கும், அத விட்டுட்டு அதுக்கு முன்னாடி உள்ள இலக்கத்த பார்க்கணும். புருஷனுக்கு ஒற்றை பொண்டாட்டிக்கு இரட்டைன்னா வேலைக்குத் தவிர ரெண்டு பேரும் ஒரே நாள்ல வெளிய எறங்க முடியாது, இதுல குடும்பத்தோட பார்க் எங்க. பொறப்புச் சான்றிதழ் இல்லாம அடையாள அட்டையே எடுக்காத பெரியவங்க நம்ம தோட்டங்கள்ல எத்தன பேர், அவங்க எந்தக் கெழம போறதுன்னு இந்த ரூல எழுதுனவங்க யோசிச்ச மாதிரி தெரியல.

கேம்பிங் இதுக்கு மேல ஒரு படி. வனஜீவராசிகள் பார்க்குக்குள்ள நெனச்ச எடத்துல டெண்ட் அடிக்க முடியாது, முன்கூட்டியே புக் பண்ணுன கேம்ப் சைட்லதான், அது கொரோனா இல்லாத காலத்துக்கும் சேர்த்துத்தான். தேயிலை மலைன்னா தோட்டத்து தொரைகிட்ட அனுமதி வேணும். 2021 மே மாசம் ராத்திரி 11ல இருந்து விடிய 4 வரைக்கும் நடமாடக்கூடாதுன்னு வேற இருந்துச்சு. டெண்ட்டுக்குள்ள படுத்திருந்தா வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரிதானே அண்ணேன்னு எங்க லயத்துத் தம்பி ஒருத்தன் வாதாடுனான், பொலிஸ்கிட்ட போய் சொல்லிப் பாருன்னேன். அந்த நேரம் உங்க தோட்டத்தையோ கிராம சேவகர் பிரிவையோ தனிமைப்படுத்திட்டா பார்க் பேச்சே இல்ல, கடைக்குக்கூட போக முடியாது.

2020 ஆகஸ்ட்ல, பார்க்குங்கள மறுபடி தொறந்த பெறகு, நாங்க பட்டிப்பொல வழியா ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். விடியக்காலக் குளிர்ல நெத்திக்கு நேரா மெசின நீட்டுனா காய்ச்சல் அளவே காட்டல, 'லோ'ன்னு வந்துச்சு, வேனுக்குள்ள கொஞ்ச நேரம் குந்திட்டு வாங்கன்னுட்டாங்க. அப்புறம் கயித்துல கட்டுன பேனால பேரு, போன் நம்பர், அட்டை நம்பர் எழுதணும், தண்ணி போத்தல் லேபிள பிச்சுக் குடுக்கணும், பிஸ்கட்ட உரிச்சு பேப்பர்ல போடணும், பொலித்தீன் உள்ள போகக்கூடாதுல்ல. இதுக்காக அந்த சின்ன மேசையச் சுத்தி அத்தன பேரும் ஒட்டிக்கிட்டு நின்னோம், ஒரு மீட்டராவது ஒன்னாவது. எங்க அத்தை மூஞ்சில இருந்த மாஸ்க்க தொட்டு, "தம்பி, இதுவும் பிளாஸ்டிக்தான, இதையும் புடுங்குவீங்களா"ன்னு கேட்டாங்க. அந்த ஆபீசருக்கு தமிழ் விளங்குச்சோ என்னவோ, சிரிச்சுட்டு உள்ள போங்கன்னு கை காட்டுனாரு.