25,000 யூரோ மின்சாரக் கார்: விலை குறைந்தது எந்த இடத்தில்?

ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் மலிவு மின்சாரக் கார்களை வரிசையாக இறக்கத் தொடங்கியிருக்கின்றன. சித்ரோவன் இ-சி3 2023 அக்டோபரில் 23,300 யூரோ என்று அறிவிக்கப்பட்டது. அடுத்து 25,000 யூரோவை ஒட்டி ரெனோ 5, ஃபியட் கிராண்டே பாண்டா ஆகியவை வந்தன. 2025 நவம்பரில் ரெனோ காட்டிய புது ட்விங்கோவின் தொடக்க விலை 20,000 யூரோவுக்கும் கீழே. இதே வரிசையில் வரும் ஃபோக்ஸ்வாகனின் ஐடி. போலோ ஸ்பெயினில் தயாராகிறது. பாரிசிலோ டோர்ட்மண்டிலோ ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கும் புது மின்சாரக் கார் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் "முதல்" என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் எதையெல்லாம் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

நிறுவனங்களுக்கு இப்போது என்ன அவசரம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புகை விதிதான். 2025 முதல் விற்பனையாகும் புதுக் கார்களின் சராசரி, கிலோமீட்டருக்கு 93.6 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு என்பது ஒட்டுமொத்த இலக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும். தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். 5 கிராம் தாண்டிய நிறுவனம் 10 லட்சம் கார் விற்றிருந்தால் 47.5 கோடி யூரோ. 2025, 2026, 2027 மூன்றையும் சேர்த்துச் சராசரி பார்க்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள், அழுத்தம் போய்விடவில்லை. விலையுயர்ந்த பெரிய மின்சாரக் கார்களை மட்டும் விற்று இந்தச் சராசரியை இறக்க முடியாது. எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்குச் சின்னக் கார் வேண்டும்.

விலையில் பெரிய பங்கு பேட்டரிக்கு. அதனால் முதல் வெட்டும் அங்கேதான் விழுகிறது. நிக்கல், கோபால்ட் கலந்த என்எம்சி பேட்டரிக்குப் பதிலாக இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட எல்எஃப்பி வந்துவிட்டது. இ-சி3, ட்விங்கோ இரண்டிலும் அதுதான். இதைத் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும், சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது. எடை சற்றுக் கூடும். நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ், நிறைந்திருந்தாலும் பாதி காலியானாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். மீதி எவ்வளவு என்று கணிக்க காரின் கம்ப்யூட்டர் திணறும். "80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்" என்ற என்எம்சி அறிவுரையை இதற்கும் பின்பற்றினால், சில மாதத்தில் மீட்டரில் 12 சதவீதம் காட்டும்போதே வண்டி வேகம் குறைந்து நிற்கப் பார்க்கலாம். கையேட்டில் சொன்ன இடைவெளியில் 100 வரை ஏற்றுங்கள். அப்போதுதான் கணக்கு நேராகும்.

தூரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சித்ரோவன் இ-சி3 என்ற பெயரில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் விற்பது ஸ்லோவாக்கியாவின் த்ர்னாவாவில் தயாராவது. முதலில் வந்த பதிப்பின் பேட்டரி 44 கிலோவாட்-மணி, நம் கரண்ட் பில் கணக்கில் 44 யூனிட். இந்தியாவில் விற்பது திருவள்ளூர் ஆலையில் தயாரானது, 29.2 யூனிட். இரண்டுக்கும் அறிவித்த தூரம் 320 கி.மீ.! சோதனை முறை வேறு வேறு, அவ்வளவுதான். தமிழ் யூடியூபில் இந்திய வண்டியின் விமர்சனத்தைப் பார்த்துவிட்டு ஐரோப்பாவில் முடிவெடுக்காதீர்கள். ஐரோப்பியச் சோதனையான டபிள்யூஎல்டிபி எண்ணைக்கூட நெடுஞ்சாலைக்கு அப்படியே எடுக்கக் கூடாது. குளிர்காலத்தில் 130-ல் ஓட்டினால் 100 கி.மீ.க்கு 23 யூனிட் போகலாம். அப்படியானால் 44 யூனிட்டுக்கு 190 கி.மீ. வழியில் 10-லிருந்து 80 சதவீதம் வரைதான் ஏற்றுவீர்கள், ஆக அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு இடையே 130 கி.மீ. சொச்சம்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் சார்ஜர். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மாட்டும் பெட்டி, பாதுகாப்பான ஒரு சுவிட்ச் போலத்தான். மலிவுப் பதிப்புகளில் காருக்குள் இருப்பது பெரும்பாலும் சிங்கிள் பேஸ் கருவி, 6.6 அல்லது 7.4 கிலோவாட். ஜெர்மனியில் வீடுகளுக்கு த்ரீ பேஸ் வருகிறது; அங்கே வழக்கமாக மாட்டுவது 11 கிலோவாட் பெட்டி. பேஸ் ஒன்றுக்கு 16 ஆம்பியர். சிங்கிள் பேஸ் காரை அதில் செருகினால் ஒரு பேஸ் மட்டுமே வேலை செய்யும்: 16 ஆம்பியர், 230 வோல்ட், 3.7 கிலோவாட். பெட்டியில் 11 என்று எழுதியிருக்கும், காரில் 7.4 என்று எழுதியிருக்கும், கிடைப்பது 3.7. காலியான 44 யூனிட் பேட்டரி நிரம்ப, இழப்பும் சேர்த்து 13 மணி நேரம். 11 கிலோவாட் த்ரீ பேஸ் கருவி உள்ள காருக்கு நாலரை மணி நேரம் போதும். காரை வாங்கிய பிறகு இதை மாற்ற வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் போடும் நாளிலேயே கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான வீடுகள் சிங்கிள் பேஸ்தான், அதனால் 7.4 கிலோவாட் கருவியே போதும். ஆனால் மின் ஒப்பந்தம் 6 கேவிஏ (வீடு ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய உச்ச அளவு, ஏறக்குறைய 6 கிலோவாட்) என்றால் முழு வேகத்தில் செருகியதும் மீட்டர் மொத்த வீட்டையும் துண்டித்துவிடும். 9 கேவிஏ-வுக்கு ஏற்றுங்கள், அல்லது ஆம்பியரைக் குறைத்து வையுங்கள். சாதாரண பிளக்கில் செருகுபவர்கள், முதல் இரவில் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய சாக்கெட்டில் தளர்ந்த ஒரு திருகாணி போதும், மணிக்கணக்கில் ஓடும் 10 ஆம்பியரில் அது உருகும். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்.

நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்றும் டிசி வசதியையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ரெனோ 5 வந்தபோது மிகக் குறைந்த விலைப் பதிப்பில் அது இல்லை. ட்விங்கோவில் 50 கிலோவாட் டிசி வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து ஹீட்டர். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு இலவசம். மின்சாரக் காரில் அதற்கும் பேட்டரிதான். ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் சிக்கனக் கருவி) இல்லாத கார், அயர்ன் பாக்ஸ் போலக் கம்பியைச் சூடாக்கியே கேபினைச் சூடாக்கும். நகர நெரிசலில் மணிக்கு 25 கி.மீ. சராசரி என்றால் 100 கி.மீ. ஓட்ட 4 மணி நேரம். ஹீட்டர் 2 கிலோவாட் இழுத்தால் அதற்கு மட்டும் 8 யூனிட். மெதுவாக ஊர்கிறவருக்குத்தான் நஷ்டம் அதிகம். குளிர்காலத்தில் "பக்கத்துக் கடைக்குத்தானே போனேன், இவ்வளவு இறங்கிவிட்டதே" என்று பலர் குழம்புவது இதனால்தான். சீட், ஸ்டியரிங் சூடாக்கும் வசதி இருந்தால் விடாதீர்கள். அது மிகக் குறைவாகவே இழுக்கும். கேபிளில் செருகியிருக்கும்போதே ஆப் வழியாகக் கேபினைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள். பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இல்லாத காரில், உறைபனியில் வேக சார்ஜரைப் பிடித்தாலும் வேகம் வராது. குளிர்ந்த செல்லில் கட்டாயமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும், அதனால் கம்ப்யூட்டரே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டி முடித்ததும் வேக சார்ஜ் போடுங்கள், காலையில் எழுந்ததும் போடாதீர்கள்.

லீஸ் (மாத வாடகை) எடுப்பவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், முதல் தவணை, ஆண்டுக்கு எத்தனை கி.மீ., தாண்டினால் கி.மீ.க்கு எத்தனை சென்ட் ஆகியவற்றைச் சேர்த்துக் கூட்டி, மொத்த மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பிரான்சில் குறைந்த வருமானக்காரர்களுக்கு, அரசு உதவியோடு மின்சாரக் காரை மலிவாக லீஸ் எடுக்கும் சோசியல் லீசிங் திட்டம் உண்டு. 2025 சுற்றில் வரி வருமானம் ஒரு பங்குக்கு (குடும்ப அளவை வைத்து பிரெஞ்சு வரித்துறை எண்ணும் பங்கு) 16,300 யூரோவுக்குள் இருக்க வேண்டும்; வேலையிடம் வீட்டிலிருந்து 15 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது வேலைக்காக ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓட்ட வேண்டும். 2024-ல் ஒதுக்கீடு சில வாரங்களிலேயே தீர்ந்தது. ஆகவே வரி ஆவணத்தையும் முதலாளியின் கடிதத்தையும் முன்பே எடுத்து வைத்திருங்கள்.

புதுசு கட்டாது என்று பழைய டாசியா ஸ்பிரிங் தேடுபவர்களும் நிறைய. சென்னை ஒரகடத்தில் தயாராகும் ரெனோ குவிட்டின் அடித்தளம்தான் அது, கட்டியது சீனாவில். எடை குறைவு, நகரத்துக்குச் சிக்கனம். ஆனால் 2021 யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் தினமும் போகும் குடும்பத்துக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம். எந்தப் பழைய மின்சாரக் காரானாலும் பேட்டரி ஆரோக்கியச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். டிசி சாக்கெட் இருந்தால் விற்பவர் முன்னிலையிலேயே அதில் ஒருமுறை செருகிப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி எந்த ஆண்டினது என்றும் பாருங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இந்தச் சின்னது செத்தால் வண்டி கிளம்பாது.