சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பார்த்து ரேசிங் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்

சிம் ரேசிங்குக்காக (நிஜ ரேஸ் போலவே கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு) கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர் ஏதாவது ஒரு யூடியூப் வீடியோவின் ஸ்க்ரீன்ஷாட்டைக் கையோடு கொண்டு வருகிறார்கள். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, பக்கத்தில் இரண்டு எண்: எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் (ஃபிரேம்கள்) திரையில் வருகின்றன என்பது. "இதுல எஃப்பிஎஸ் அதிகமா வருது சார், இதையே போட்டுடுங்க." அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்த டிராக், எத்தனை கார், எந்தத் திரை என்று தெரியாமல் அதை வைத்துப் பணத்தைக் கொட்டுவதுதான் ஆபத்து.

இத்தாலியின் மோன்சா டிராக்கில், நேர் பாதை முடிவில் ஒரு ஜிடி3 வகை ரேஸ் கார் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 75 மீட்டர். பிரேக் மிதிக்க வேண்டிய நேரத்தில் திரை 100 மில்லி விநாடி உறைந்தால், நீங்கள் எதையும் பார்க்காமலே கார் ஏழரை மீட்டர் ஓடியிருக்கும். முதல் வளைவில் முன்னால் போகும் காரை இடிக்க அது போதும்.

சராசரி எண் இதைக் காட்டவே காட்டாது. ஒரு நிமிட ஓட்டத்தில் படம் 120 எஃப்பிஎஸ்ஸில் சீராகப் போய், நடுவில் பத்து முறை மட்டும் 100 மில்லி விநாடி உறைகிறது என்றால், சராசரி 118 என்றுதான் வரும். வீடியோவில் அது அருமையான மதிப்பெண். ஓட்டுபவருக்கு அது ஓட்டவே முடியாத கம்ப்யூட்டர். '1% லோ' (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களில் எஃப்பிஎஸ் எவ்வளவு என்பது) என்ற எண்ணைப் பார்ப்பது நல்லது. ஆனால் அதையும் எல்லா மென்பொருளும் ஒரே விதமாகக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்ற வரைபடத்தையே பாருங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற மென்பொருள் அதை இலவசமாகவே தருகிறது. கோடு தட்டையாக இருக்க வேண்டும். நடுநடுவே முள் மாதிரி எழும்பினால், சராசரி எவ்வளவு இருந்தாலும் அந்த கம்ப்யூட்டர் ரேஸுக்குச் சரிப்படாது.

மற்ற கேம்களிலிருந்து சிமுலேட்டர் வேறுபடும் முக்கியமான இடம் ப்ராசஸர். ஐரேசிங் என்ற சிமுலேட்டர் தன் இயற்பியல் கணக்கை விநாடிக்கு 360 முறை போடுகிறது. டயர், சஸ்பென்ஷன், காற்றின் விசை எல்லாம் மூன்று மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். இதில் பெரும் பகுதி ப்ராசஸரின் ஓரிரு கோர்களின் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) மேலேயே விழுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவிட்டு "சிபியூ 20 சதவீதம்தான் சார் ஓடுது, அதுல பிரச்சினை இருக்காது" என்று பலர் சொல்வார்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தடங்கள்) உள்ள ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம் மாதிரிதான் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸர். 2022 ஏப்ரலில் வந்தது. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய 5800எக்ஸ்ஸுக்கு 4.7. தாளில் பார்த்தால் புதியதுதான் மெதுவானது. ஆனால் 32 மெகாபைட்டாக இருந்த எல்3 கேச் (ப்ராசஸரிலேயே இருக்கும் வேகமான நினைவகம்) இதில் 96 மெகாபைட். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே போன்ற சிமுலேட்டர்களில் அது பழையதைத் தெளிவாக முந்தியது. தேவையான தரவு பக்கத்திலேயே இருப்பதால் ப்ராசஸர் ராமுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இதைப் பிடித்திருக்கவே முடியாது.

ஒப்பிடும் முறையில் நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். வெறும் டிராக்கில் தனியாக ஒரு சுற்று ஓட்டி எண் எடுப்பது கிட்டத்தட்ட வீண். கம்ப்யூட்டரே ஓட்டும் 29 ஏஐ கார்களோடு, கடைசி இடத்திலிருந்து, மழையில், காரின் பின்பார்வைக் கண்ணாடிகளை எல்லாம் ஆன் செய்து ரேஸைத் தொடங்குங்கள். முதல் வளைவு வரைக்குமான அந்த அரை நிமிடம்தான் உண்மையான பரீட்சை. ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி வேண்டும் என்று ரீப்ளேயை ஓடவிட்டு அளப்பவர்களும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டை ஒப்பிட அது நல்ல வழி. ப்ராசஸருக்கு உதவாது, ஏனென்றால் ரீப்ளேயில் பதிவானதைத்தான் காட்டுகிறது, இயற்பியலைப் புதிதாகக் கணக்கிடுவதில்லை. ஆன்லைன் ரேஸில் அளந்தாலும் ப்ராசஸருக்கு முழுப் பரீட்சை ஆகாது: மற்றவர்களின் கார்களை அவரவர் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஏஐ கார்கள் என்றால் அத்தனையும் உங்கள் ப்ராசஸர் தலையில்.

தடை எங்கே இருக்கிறது என்று தெரிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ரெசல்யூஷனை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் ப்ராசஸரோ ராமோ. ராம் என்றதும் சொல்லியே ஆக வேண்டும்: 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்காகப் போட்ட கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய வருகின்றன. இரண்டு 8 ஜிபி போட்டு டூயல் சேனலில் (இரண்டு வழியாகத் தரவு போகும் முறை) ஓடவிட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தாலே பலருக்குப் பாதித் திணறல் போய்விடுகிறது.

திரை மாறினால் கதையே மாறும். ஒரு 1080பி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல். அதையே மூன்றாக வைத்தால் 62 லட்சம். 1440பி மூன்று என்றால் ஒரு கோடியைத் தாண்டுகிறது, அதாவது 4கே திரையை விட அதிகம். விஆர் ஹெட்செட்டில் 90 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஃபிரேமை 11 மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும், தவறினால் தலைசுற்றல். இங்கெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டுக்கே முதல் பணம். ஒற்றைத் திரையில் எடுத்த எண்ணைப் பார்த்து மூன்று திரைக்கு வாங்காதீர்கள்.

லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை நம்பவே வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு லேப்டாப்கள் வருகின்றன. வாட் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம் வெயில். ஏசி இல்லாத அறையில் மே மாத மதியம் ஐந்து நிமிடச் சோதனை எதையும் சொல்லாது. அரை மணி நேரம் ஓட்டி, சூடேறிய பிறகு எடுத்த எண்ணைத்தான் நான் ஏற்பேன்.

ஒற்றை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டுபவர் என்னிடம் வந்தால் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். 60 ஃபிரேமுக்கு மேல் அந்தத் திரை காட்டப்போவதில்லை. நல்ல கேச் உள்ள ப்ராசஸர், நடுத்தரக் கார்டு, மிச்சப் பணத்தில் லோட் செல் பிரேக் பெடல், அதாவது மிதிக்கும் தூரத்தை அல்ல, அழுத்தத்தை அளக்கும் பெடல். சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடிக்க அந்தப் பெடல்தான் உதவும்.