நேரலையின் ஓரத்தில் ஓடும் எண்

நேரலை நடத்துபவரோடு அமர்ந்து, முடிந்துபோன ஒளிபரப்பின் பதிவை மறுபடியும் பார்த்து, எந்த இடத்தில் அது தடம் மாறியது என்று கண்டறிவதே என் தொழிலின் பெரும்பகுதி. ஒரு திரையில் பதிவையும், மற்றொரு திரையில் நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற வரைபடத்தையும் ஓடவிட்டால், நிகழ்ச்சியை நடத்தியவர் அவரா, அந்த வரைபடமா என்பது அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

சதுரங்கம் கற்றுத்தரும் ஒருவர், யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய இறுதியாட்டம் ஒன்றைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளர் எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் அவருடைய பேச்சு வேகமெடுத்தது. விளக்கம் பாதியில் நிற்க, அரட்டையில் சீண்டிய ஒருவரோடு வாக்குவாதம் தொடங்கியது, வரைபடம் மேலே ஏறியது. பதிவைக் காட்டும்வரை, விளக்கத்தை முழுமையாக முடித்துவிட்டதாகவே அவர் நம்பியிருந்தார்.

பதிவுசெய்து வெளியிடும் காணொளியில் எண்ணிக்கை என்பது வேலை முடிந்த பிறகு வரும் தீர்ப்பு. நேரலையிலோ, பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்குள்ளேயே அது புகுந்துவிடுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பலர் நடுவில்தான் நுழைகிறார்கள். அப்படி நுழைபவருக்கு, முன்பகுதியைக் கேட்காமல் விளக்கம் புரிவதில்லை, ஆனால் சண்டை எந்த நொடியில் நுழைந்தாலும் புரிகிறது. ஆகவே கூட்டம் தரத்தை வெறுக்கிறது என்று நான் கருதவில்லை. தொடர்ச்சி தேவைப்படும் எதையும் நேரலையின் அமைப்பே தண்டிக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

பணமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. பணம் செலுத்தி அரட்டையில் செய்தி அனுப்பும் வசதியாக யூடியூப் 2017இல் அறிமுகப்படுத்திய சூப்பர் சாட்டில், கூடுதல் தொகை செலுத்தியவரின் செய்தி அரட்டையின் உச்சியில் கூடுதல் நேரம் நிற்கும். விளைவாக, நன்கு யோசித்துக் கேட்கப்பட்ட இலவசக் கேள்வி மேலே உருண்டு மறைய, பெயரை உரக்கச் சொல்லும்படி கேட்கும் கட்டணச் செய்திக்கு முதலில் பதில் கிடைக்கிறது. சீன அரசு 2022 மே மாதத்தில், பார்வையாளர்கள் தரும் அன்பளிப்புத் தொகையை வைத்து நேரலையாளர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நீக்குமாறு தளங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவின் முதன்மை நோக்கம் சிறார் பாதுகாப்புதான் என்றாலும், பட்டியலே நடத்தையை வளைக்கிறது என்ற புரிதல் அதில் இருக்கிறது. (போலிப் பார்வையாளர்களை விற்பவர்கள் மீது நேரலைத் தளமான டிவிச் 2016இல் வழக்குத் தொடுத்ததை நினைத்தால், பார்வையாளர் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.)

என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒளிபரப்பின்போது எண்ணிக்கையைத் திரையிலிருந்து மறைத்துவிட்டு மறுநாள் பாருங்கள் என்பதுதான். கேள்விகளைத் திரட்டித்தர வேறொருவரை அமர்த்துவதும், நீண்ட விளக்கத்தின் நடுவே இதுவரை சொன்னதை இரண்டு வாக்கியங்களில் நினைவூட்டுவதும், நடுவில் நுழைபவரை விளக்கத்துக்குள்ளேயே இருத்திவைக்க உதவுகின்றன. உச்ச எண்ணிக்கையைவிட, அடுத்த நேரலைக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையே நான் கணக்கில் கொள்கிறேன்.

சதுரங்கக்காரர் எண்ணை மறைத்தார்; அடுத்த முறை இறுதியாட்டத்தை முழுமையாக விளக்கியும் முடித்தார். ஆனால் பதிவில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவருடைய பார்வை மேசைக்குக் கீழே போய்வந்தது. கேட்டேன், கைப்பேசியில் அதே நேரலையைத் திறந்துவைத்திருந்தாராம்.