உதவிப் பக்கம் பொதிக்குள் போகும் வழி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ‘மேன்’ என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் உதவிப் பக்கம் திறக்கிறது. மென்பொருளை நிறுவத்தக்க பொதியாகக் கட்டுபவர் அந்தப் பக்கத்தின் கோப்பைச் சரியான அடைவில் வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

எந்த அடைவு என்பதைக் கோப்புப் பெயரின் கடைசி எண் சொல்லிவிடும். 1 என்றால் எல்லாருக்குமான கட்டளை, 5 என்றால் கோப்பு வடிவம், 8 என்றால் நிர்வாகிக்கான கட்டளை. எண்ணுக்கு முன்னால் ‘டிஏ’ என்ற மொழிக்குறி இருந்தால், பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவி பக்கத்தைத் தமிழ் அடைவில் போட்டுவிடும். பக்கத்துக்குள் ‘நேம்’ தலைப்பின் கீழுள்ள ஒற்றை வரியில் கவனம் வேண்டும்: கட்டளையின் பெயர், பின்சாய்வுக்கோடு, சிறுகோடு, சுருக்க விளக்கம். இது பிசகினாலும் பக்கம் திறக்கும். சுருக்க விளக்கங்களில் சொல் தேடும் ‘அப்ரோபோஸ்’ தேடலில் மட்டும் அகப்படாது.

தலைவலி பெரும்பாலும் தானியங்கிப் பக்கங்களில்தான். ஹெல்ப்2மேன் கருவி, நிரலை ஓடவிட்டு அது அச்சிடும் உதவிக் குறிப்பை வைத்தே பக்கம் எழுதுகிறது. இன்டெல் கணினியில் ஆர்ம் செயலிக்காக (புராசசர்) தொகுத்த நிரல் அங்கே ஓடாது. கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பக்கத்தைக் கையால் எழுதி மூலநிரலோடு வைப்பதே நல்லது.

அடுத்த சிக்கல் நேரமுத்திரை. உதவிப் பக்கத்தைச் சுருக்கும் ஜிசிப் கருவி, கோப்பின் பெயரையும் நேரத்தையும் உள்ளே எழுதிவைக்கும். ஒரே நூலகத்தின் 64 பிட், 32 பிட் பொதிகளைச் சேர்த்து நிறுவும்போது இரண்டிலும் அதே உதவிப் பக்கம் இருக்கும். ஒரு பைட் மாறினாலும் பொதிகளை நிறுவும் டிபிகேஜி இரண்டாவது பொதியை ஏற்காது. அதனால்தான் டெபியன் ‘9’, ‘என்’ என்ற தெரிவுகளோடு சுருக்குகிறது: 9 அதிகபட்சச் சுருக்கம், ‘என்’ பெயரையும் நேரத்தையும் விட்டுவிடும். பக்கத்தில் அச்சாகும் தேதிக்கு ‘சோர்ஸ்_டேட்_எபாக்’ மாறி இருக்கிறது. பொதியில் செய்த மாற்றங்களைச் சொல்லும் மாற்றப்பதிவின் கடைசிக் குறிப்பிலுள்ள நேரமே அதன் மதிப்பு என்பதால், எந்த நாளில் கட்டினாலும் தேதி மாறாது.

பெரிய எச்டிஎம்எல், பிடிஎஃப் கையேடுகள் தனி ‘டாக்’ பொதிக்குப் போகும். எல்லாச் செயலிக்கும் அது ஒன்றே. ஒருமுறை கட்டினால் போதும். அதற்கான ஸ்பிங்க்ஸ், டெக் போன்ற கருவிகளைப் பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் ‘பில்ட்-டிபெண்ட்ஸ்-இன்டெப்’ வரியில் எழுதினால், செயலிவாரிக் கட்டுமானங்களில் அவற்றை நிறுவ வேண்டியதில்லை. அந்த வரியை மாற்றிவிட்டு, கட்டும் படிகளைச் சொல்லும் விதிக் கோப்பில் கையேடு கட்டும் கட்டளையையும் ‘இன்டெப்’ பகுதிக்கு நகர்த்த மறப்பவர்கள் பலர். உங்கள் கணினியில் ஸ்பிங்க்ஸ் இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கும். அது இல்லாத டெபியனின் கட்டுமான வழங்கியில் முறியும். பதிவேற்றும் முன், இந்தக் கருவிகள் இல்லாத சுத்தமான சூழலில் செயலிவாரிப் பொதிகளை மட்டும் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.